கழட்டியாச்சு... திரும்ப மாட்ட முடியுமா?

ஒருத்தர் ஆசை ஆசையா ஒரு போர்ஷே 911 கார் வாங்குறார். வாங்கினதும் என்ன பண்ணுவார்? கூலிங்கிளாஸை மாட்டிக்கிட்டு ஊரை ஒரு ரவுண்டு வருவார்னுதானே நினைக்கிறீங்க? அதான் இல்லை. ஸ்பேனரை எடுத்து நட்டு நட்டாகக் கழட்ட ஆரம்பிச்சுட்டார் மனுஷன்!

ஜப்பானில், 1970களில் நடந்த நிஜக் கதை இது. கழட்டியவர் ஷுன்ஸாகு தாமியா. மாடல் கார், மாடல் கப்பல், மாடல் டாங்கி என்று குட்டிக் குட்டியாகச் செய்து விற்கும் தாமியா கம்பெனியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். கம்பெனி இருப்பது ஷிஸுவோகா நகரத்தில். போர்ஷே 934 பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அச்சு அசலாகச் செய்யணும். போட்டோவைப் பார்த்துச் செய்தால் அவருக்குத் திருப்தி இல்லை. அதனால்தான் 911-ஐயே விலைக்கு வாங்கிப் பிரிச்சுப் போட்டார். அளந்து முடிச்சாச்சு, சரி... திரும்பப் பூட்டணுமே? முடியலை! கடைசியில் போர்ஷே ஆட்களைக் கூப்பிட்டுத்தான் காரை மறுபடியும் காராக்கினார்களாம்.

அந்த உழைப்பில் பிறந்த மாடலுக்குள் மோட்டாரும் ரேடியோவும் வைத்து 1976 டிசம்பரில் கடைக்கு வந்ததுதான் தாமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார். சுருக்கமாக ஆர்.சி. கார். ஷுன்ஸாகு தாமியா 2025 ஜூலையில் தன் 90-வது வயதில் காலமானார். ஆனால், அவர் கிளப்பிவிட்ட கார்களை வைத்து ஒரு சண்டை மட்டும் இன்னும் ஓயவே இல்லை.

என்ன சண்டை? "பழைய ஆர்.சி. காரைப் பிரிச்சு, மாத்தி, பறக்க விடலாமா? இல்ல, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம அப்படியே காப்பாத்தணுமா?"

'பொம்மை காருக்கா இவ்வளவு பில்டப்பு?'னு சிரிக்காதீங்க. கொஞ்சம் உள்ளே வாங்க, விஷயம் வேற மாதிரி இருக்கு.

பொம்மைதான்... ஆனா சும்மா பொம்மை இல்லை

திருவிழாக் கடையில் வாங்கி, வீட்டுக்கு வருவதற்குள் சக்கரம் கழன்றுபோகும் வகையறா இல்லை இது. பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பாகங்கள் இருக்கும். ஸ்க்ரூ, கியர், ஸ்பிரிங், டயர், ஸ்டிக்கர், கூடவே ஒரு செய்முறைப் புத்தகம். நீங்களே உட்கார்ந்து பூட்டணும், பெயின்ட் அடிக்கணும். ஏதாவது உடைஞ்சால் அந்த ஒரு பாகத்தை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

1979-ல் தாமியா 'ரஃப் ரைடர்', 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்று இரண்டு பகி கார்களை இறக்கியது. சமமான தரையில் ஓடிக்கிட்டிருந்த ஆர்.சி. கார்கள் மண்ணுக்கும் மணலுக்கும் இறங்கின. 1983-ல் 'ஃப்ராக்', 1984-ல் 'கிராஸ்ஹாப்பர்', 'ஹார்னெட்'. அதாவது தவளை, வெட்டுக்கிளி, குளவி! விலை கைக்கு அடக்கமாக இருந்ததால், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பசங்களுக்கு முதல் ஆர்.சி. காரே இந்த வெட்டுக்கிளியும் குளவியும்தான்.

அதே 1984-ல் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் கம்பெனி 'ஆர்.சி.10'-ஐக் கொண்டுவந்தது. தங்க நிற அலுமினியத் தொட்டி மாதிரி ஒரு சேஸிஸ். அச்சு அசல் தோற்றமெல்லாம் இதுக்கு முக்கியமில்லை, ஜெயிக்கணும், அவ்வளவுதான். ஜெயிச்சது. 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் நடந்த பத்தில் ஒரு பங்கு அளவு ஆஃப்-ரோடு உலகப் போட்டியில், டூ வீல் டிரைவ் பட்டம் ஆர்.சி.10-க்குத்தான்.

அன்றைக்கு இந்தக் கார்களைத் துரத்திக்கிட்டு ஓடின பசங்களுக்கு இப்போ ஐம்பதைத் தாண்டின வயசு. கையில் காசு இருக்கு, மனசில் அந்த ஏக்கமும் இருக்கு. பழைய கார்களைத் தேடித் தேடி வாங்குறாங்க. வாங்கி மேஜை மேல வெச்ச அடுத்த நிமிஷம்தான் அந்தக் கேள்வி வருது: 'இப்ப இதை என்ன பண்றது?'

முதல் கோஷ்டி: 'கை வைக்காதே!'

இவங்க சேகரிப்பாளர்கள். பெட்டிகூடத் திறக்காத காரைப் பார்த்தால் கோயில் விக்கிரகத்தைப் பார்த்த மாதிரி நிற்பாங்க. ஓட்டாமல் அலமாரியில் மட்டும் வெச்சு அழகு பார்க்கிற காருக்கு இவங்க வட்டாரத்தில் பேரே 'ஷெல்ஃப் குயின்'. அலமாரி ராணி!

கேலி பண்ணலாம். ஆனா இவங்க வாதத்தில் உரம் இருக்கு. 1984-ல் தயாரான ஹார்னெட் இனிமேல் ஒண்ணுகூடப் புதுசா வராது. உடைஞ்சு, தேய்ஞ்சு, குப்பைக்குப் போய் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கை படாமல் மிஞ்சின ஒவ்வொண்ணும் ஒரு சாட்சி. அந்தக் காலத்தில் எந்தப் பிளாஸ்டிக் போட்டாங்க, என்ன பளபளப்பு, ஸ்டிக்கர் எந்தச் சிவப்பு, ஸ்க்ரூ எப்படி இருந்துச்சு... இதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. பொருளைப் பார்த்தாதான் தெரியும்.

இன்னொரு சிக்கல், பெயின்ட். ஹார்னெட் மாதிரி கார்களின் பாடி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட். இதுக்கு வெளியே பெயின்ட் அடிக்க மாட்டாங்க. உள்பக்கமாக அடிப்பாங்க. அப்பதான் கார் கவிழ்ந்து உருண்டாலும் கலர் உரியாது. ஆனா ஒரு தடவை அடிச்சா அடிச்சதுதான். சுரண்டி எடுக்கப் போனால் பாடியே மங்கிப்போகும், விரிசல் விடும். அதனால, 'எதுக்கு சார் இப்படிப் பயப்படுறீங்க?'னு கேட்டா அவங்க பாடியைத்தான் காட்டுவாங்க. ஒரே ஒரு சான்ஸ்தான்!

இரண்டாவது கோஷ்டி: 'ஓடத்தானே பொறந்துச்சு?'

இவங்க மெக்கானிக் ரத்தம். கார்னா மண்ணு படணும், கல்லு அடிக்கணும், ஜம்ப் பண்ணணும். இவங்க பக்கத்து நியாயத்தைப் புரிஞ்சுக்க, அந்தக் காலத்து காருக்குள் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அப்போ எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. சர்வோ மோட்டார் ஒரு கையைத் திருப்பும், அந்தக் கை ஒவ்வொரு கான்டாக்டாகத் தொட்டுக்கிட்டே போகும். மெதுவாகப் போகணும்னா மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகி வீணாகும். தொட்டால் சுட்டுடும்! பேட்டரி, ஆறு செல் நிக்கல் காட்மியம், 7.2 வோல்ட். ஒரு பேட்டரிக்குச் சில நிமிஷ ஓட்டம், அப்புறம் சார்ஜருக்குப் பக்கத்தில் நீண்ட தவம். ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் இன்னொருத்தர் அதே சேனலில் ஆன் பண்ணினால் உங்க கார் அவர் பேச்சைக் கேட்கும். அதனால்தான் ஏரியலில் பிரவுன், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்னு கலர்க் கொடி கட்டி, 'யாருப்பா மஞ்சள்?'னு கேட்டுட்டு ஸ்விட்சைப் போடுவாங்க.

இன்றைக்கு பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ எல்லாம் வந்தாச்சு. யாருடைய சிக்னலும் யாரோடதையும் கெடுக்காது. ஓட்டம் அதிகம், வேகமும் அதிகம். 'இத்தனை இருக்கும்போது, ரெசிஸ்டரில் கையைச் சுட்டுக்கறதுக்குப் பேரு பாரம்பரியமா?'னு இவங்க கேட்கிறப்போ பதில் சொல்றது கஷ்டம்.

ஆனா இங்கேதான் பலர் சறுக்குறாங்க. கிராஸ்ஹாப்பருக்கு கம்பெனி கொடுத்தது சின்ன 380 மோட்டார். பின்பக்கம் எண்ணெய் இல்லாத வெறும் ஸ்பிரிங். வேகமாப் போனா நிஜ வெட்டுக்கிளி மாதிரியே குதிக்கும். அந்த எலும்புக்கூட்டுக்குள் இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரைத் திணிச்சா? நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக் கெட்டிப்பட்டு நொறுங்கும் பதத்தில் இருக்கும். முதல் ஜம்ப்பிலேயே 'படக்'! கியர்பாக்ஸ் உடைஞ்சது மட்டுமில்லை, அதே வயசுள்ள இன்னொரு கியர்பாக்ஸைத் தேடித்தான் ஒட்டணும்.

நடுவுல ஒரு தவளை

'அப்ப முதல் கோஷ்டி சொல்றதுதான் சரி'னு முடிவு பண்ணிட்டீங்களா? இருங்க, தவளை வருது.

1983-ன் ஃப்ராக் காரில் ஒரு பலவீனம் ஊருக்கே தெரியும். மோட்டாரின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனை, அறுகோண வடிவம். ஓட ஓட அந்த ஆறு மூலையும் தேய்ஞ்சு வட்டமாயிடும். அப்புறம் மோட்டார் சுத்தும், சக்கரம் சுத்தாது. அமெரிக்காவில் தார்ப், சி.ஆர்.பி. மாதிரி சின்னச் சின்னக் கம்பெனிகள் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருப்பாங்களா? உறுதியான தண்டு, டிஃபரென்ஷியல், பம்பர், கூண்டுனு மாற்றுப் பாகங்களைச் செய்து வித்தாங்க. தாமியாவின் கார்களுக்கென்றே ஒரு தனிக் கடைவீதி உருவாச்சு. ஆர்.சி.10-ஐ ஃபோர் வீல் டிரைவாக மாத்துற செட்டையே எம்.ஐ.பி. என்ற கம்பெனி கொண்டுவந்தது.

இப்ப ஒரு கேள்வி. 1985-ல் தார்ப் பாகம் மாட்டி, ஒரு பையன் பந்தயத்தில் ஓட்டின ஃப்ராக் உங்க கைக்கு வருது. அதை 'ஒரிஜினல்' ஆக்கணும்னு அந்தப் பாகங்களைக் கழட்டிட்டு கம்பெனித் தண்டை மாட்டினால், நீங்க செய்றது பாதுகாப்பா, அழிப்பா? அந்தப் பழைய மாற்றுப் பாகங்களையே தேடிச் சேகரிக்கிறவங்களும் இன்னிக்கு இருக்காங்க. எம்.ஐ.பி.யின் அந்தச் செட் கிடைச்சா கொத்திக்கிட்டுப் போக ஆள் உண்டு. நேத்து செஞ்ச மாற்றம் இன்னிக்கு வரலாறு ஆகிடுச்சு!

ரீஸ்டோர் பண்றவங்களையும் கொஞ்சம் கவனிங்க. பழைய பாடியைத் தூக்கிப் போட்டுட்டுப் புது பாடி, பிரின்ட் போட்ட புது ஸ்டிக்கர், புது டயர், புது ஸ்க்ரூ... கார் பளபளன்னு ஷோரூமில் இருந்து வந்த மாதிரி ஆயிடும். ஆனா அடியில் அந்தப் பையன் கீறி வெச்ச தன் பேரு? கோணல்மாணலா அவன் அடிச்ச கலர்க் கோடு? அதெல்லாம் போச்சு. மோட்டாரை மாத்தறவர் மாதிரியே, பளபளப்பாக்குறவரும் காரை மாத்தத்தான் செய்றார். 'நான் காப்பாத்தறேன்'ங்கிற நினைப்புல செய்றதால அவருக்கு அது தெரியறதில்லை.

திரும்பி வந்த குளவி

இந்தச் சண்டையில் மூணாவதாக ஒரு ஆள் நுழைஞ்சார். வேற யாரு? கம்பெனிதான்!

2004-ல் ஹார்னெட்டை தாமியா மறுபடியும் தயாரிச்சு விற்பனைக்கு விட்டது. 2005-ல் கிராஸ்ஹாப்பரும் ஃப்ராக்கும். 2009-ல் ரஃப் ரைடர், 'பகி சாம்ப்'னு புதுப் பேரோட. 2010-ல் சாண்ட் ஸ்கார்ச்சர். டீம் அசோசியேட்டட் கம்பெனியும் 2013-ல் ஆர்.சி.10-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. ஜப்பானின் இன்னொரு ஜாம்பவான் கியோஷோ, தன் 1982 'ஸ்கார்ப்பியன்' காரை 2014-ல் இறக்கியது.

முதல்ல சேகரிப்பாளர்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சது. அரிய பொருள்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தது, பளிச்சுனு புதுப் பெட்டியில் கடைக்கு வந்தால் யாருக்குத்தான் கசக்காது? ஆனா கொஞ்சம் உத்துப் பார்த்தால் இது ரெண்டு கோஷ்டிக்கும் கிடைச்ச வரம். ஏன்னா மறுபதிப்பு அச்சு அசல் கிடையாது. ஃப்ராக்கின் அந்தத் தேயும் தண்டை மறுபதிப்பில் கம்பெனியே மாத்திடுச்சு. அந்தக் காலத்துப் பசங்க கையால் திருத்தின தப்பை, இருபத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி!

ஆக, பழசு பழசுதான், புதுசு புதுசுதான். பழசோட மதிப்பு அழியலை. வெட்டணும், துளை போடணும், பிரஷ்லெஸ் போட்டுப் பறக்கணும்னு கை அரிக்கிறவங்களுக்கு வெட்டுறதுக்குன்னே புதுசா ஒரு கார் கிடைச்சாச்சு. அதுக்கு அப்புறமும் 1979 சாண்ட் ஸ்கார்ச்சரில் டிரில்லிங் மெஷினை வைக்கிறதுக்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது.

பெட்டிக்குள்ளேயும் வயசாகும்

அப்போ, பழசை எல்லாம் பூட்டி வெச்சுடலாமா? அங்கேயும் ஒரு கொக்கி இருக்கு.

திறக்காத பெட்டிக்குள் காலம் நின்னுபோயிடும்னு நினைச்சா, அது தப்புக் கணக்கு. ரப்பர் டயர் காய்ஞ்சு விரிசல் விடும். ஸ்டிக்கரோட பசை பழுத்துப் போகும். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், வெயில் பட்டா இன்னும் சீக்கிரம். ஓட்டின காரில் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை எடுக்காமலேயே வெச்சிருந்தால் அது கசிஞ்சு பக்கத்தில் இருக்கிற உலோகத்தை அரிச்சுடும். பாதுகாக்கிறதும் ஒரு வேலைங்க. வெயில் படாத, ஈரம் இல்லாத இடம் வேணும். பேட்டரியைத் தனியா எடுக்கணும். கார் சக்கரத்தில் நிக்காம, ஒரு சின்னக் கட்டை மேல உட்கார்ந்திருக்கணும். இல்லைன்னா டயர் ஒரு பக்கம் சப்பையாகிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஓடவே ஓடாத ஆர்.சி. காரிடம் நமக்குத் தெரியாமலே போகிற சில விஷயம் உண்டு. ஹார்னெட் திருப்பத்தில் எப்படித் துள்ளும், சாண்ட் ஸ்கார்ச்சர் மணலில் எப்படிப் பின்பக்கத்தை வீசித் திரும்பும், அந்த 540 மோட்டார் எந்தச் சுருதியில் பாடும்... இதெல்லாம் அலமாரியில் தூங்குற கார் சொல்லாது. அதுவும் அந்தக் காரோட வரலாறுதானே?

கை வைக்கிறதுக்கு முன்னாடி...

'மாத்தலாமா, காக்கலாமா?' என்கிற கேள்வியே கொஞ்சம் கோணல். அதுக்குப் பதிலா இப்படிக் கேட்டுப் பாருங்க: 'நான் இப்ப செய்யப்போறதை, நாளைக்கு இன்னொருத்தர் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?' முடியும்னா தாராளமா செய்யலாம். முடியாதுன்னா, ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசிங்க.

இந்த ஒரு அளவுகோலை வெச்சா பாதிச் சண்டை தானே தீர்ந்துடும்:

* பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துட்டு பால் பேரிங் போடுறது: வெளியே தெரியாது, தேய்மானம் குறையும், எப்ப வேணும்னாலும் திரும்ப மாத்தலாம். டபுள் ஓகே!

* புது ரேடியோ, எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு: பழைய செட்டை அப்படியே எடுத்து வெச்சுட்டா ஓகே. ஆனா புது ரிசீவரை உட்கார வைக்கச் சேஸிஸை அறுக்காதீங்க. இரட்டைப் பக்க டேப் எதுக்கு இருக்கு?

* பழைய வேகக் கட்டுப்பாட்டோட லித்தியம் பாலிமர் பேட்டரி: உஷார். சார்ஜ் இறங்கினா தானா நிறுத்தற புத்தி அந்தப் பழைய கருவிக்குக் கிடையாது. பேட்டரி கெட்டுப்போகும், ஆபத்தும் உண்டு. வோல்டேஜ் அலாரம் இல்லாம முயற்சி வேண்டாம்.

* துளை, வெட்டு, பழைய பாலிகார்பனேட் பாடிக்கு மறு பெயின்ட்: ஒருவழிப் பாதை. மறுபதிப்பு பாடி ஒண்ணு வாங்கி அதில் உங்க கலை ஆர்வத்தைக் காட்டுங்க. பழைய பாடி பத்திரமா அலமாரியில் இருக்கட்டும்.

* எல்லாத்துக்கும் மேல, கழட்டின எதையும் தூக்கிப் போடாதீங்க. ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே அந்தப் பாகம், மேல ஒரு சீட்டு: எந்தக் காரு, எந்த இடம், என்னைக்குக் கழட்டினது. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா 'மாத்தின கார்' என்பதற்கும் 'கெட்டுப்போன கார்' என்பதற்கும் நடுவில் நிக்கிறது அந்தக் கவர்தான்.

கட்டாத கிட், கிழியாத ஸ்டிக்கர் ஷீட், சீல் பிரியாத கவர் எல்லாத்தோடவும் உங்க கைக்கு வந்தால் மட்டும், விட்டுடுங்க. அந்த மாதிரி மிஞ்சி இருக்கிறது கொஞ்சம். ஓட்டுறதுக்கு அடிபட்ட கார்கள் எத்தனையோ கிடைக்கும்.

இதெல்லாம் ஜப்பான்காரன் காருக்குத்தானேனு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோட எச்.எம்.டி. வாட்சோ, அப்பாவோட டேப்ரெக்கார்டரோ தூங்கிட்டு இருக்கலாம். லீவு நாள்ல ஒருநாள் அதைக் கீழ இறக்கத்தான் போறீங்க. இறக்குங்க, பிரிங்க, ஓட வைங்க. சாமான் எல்லாம் ஓட்டத்துக்குத்தான். ஸ்க்ரூ டிரைவரைத் தேடும்போதே பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரும் பேனாவும் மட்டும் எடுத்து வெச்சுக்கங்க. உங்களுக்கு அப்புறம் அதைத் திறக்கப்போற ஆளுக்கு நீங்க எழுதற லெட்டர் அதுதான்!